சேறு நிற்கும், சேறு ஓடும்

சேற்றை மதிக்கத் தெரியாதவர் பெருங்குடியில் பைல் போட முடியாது. மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, கிழக்கே பக்கிங்காம் கால்வாய், நடுவே பழைய மகாபலிபுரம் சாலை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதற்குக் கீழே கறுத்த களி, அப்புறம் மணலும் வண்டலும் மாறி மாறி, பிறகு சிதைந்த பாறை, கடைசியில் கெட்டியான சார்னோக்கைட். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலை நீட்டி நிற்கும் பாறைதான் இங்கே பூமிக்குள் படுத்துக் கிடக்கிறது. (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் பாறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்.) 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு இந்தச் சாலையில் எழும்பிய உயரமான கட்டடங்கள் பல, மேலே இருக்கும் களியை நம்பாமல் கீழே இறங்கிய கான்கிரீட் பைல்கள்மேல் நிற்கின்றன. சாலை நடுவே வரிசை கட்டும் மெட்ரோ தூண்களும் அப்படித்தான்.

என் வேலை அந்தப் பைல் போடும் இடத்தில், கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில். துளை போடுவது பெரிய காரியமில்லை. ரிக் அதைப் பார்த்துக்கொள்ளும். போட்ட துளை இடிந்து விழாமல் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் விட்டம், இருபது மீட்டருக்கு மேல் ஆழம், சுற்றிலும் தண்ணீரில் ஊறிய மணல். மேலே சில மீட்டருக்கு இரும்பு கேசிங் இருக்கும். அதற்குக் கீழே சுவரைத் தாங்கிப் பிடிப்பது ஒரு திரவம்: பெண்டோனைட் கலக்கிய தண்ணீர். பார்த்தால் மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு சேறு. கச்சிலிருந்து மூட்டை மூட்டையாக லாரியில் வரும் களிமண் பொடியை நல்ல தண்ணீரில் அடித்துக் கலக்கி, ஊறவிட்டு, துளைக்குள் நிரப்புகிறோம். நிலத்தடி நீர்மட்டத்தைவிட ஒரு மீட்டருக்கு மேலாவது உயரத்தில் அது எப்போதும் நிற்க வேண்டும். அந்த உயரமும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதலான எடையும் சேர்ந்து சுவரை வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும்.

இந்தச் சேற்றிடம் நாங்கள் கேட்பதெல்லாம் நியாயமே இல்லாதவை. பம்ப் தள்ளும்போது குழாயில் சரசரவென்று ஓட வேண்டும். பம்பை நிறுத்தினால் அப்படியே நிற்க வேண்டும். கீழே வெட்டிய மணலைச் சுமந்து மேலே வர வேண்டும். தொட்டிக்கு வந்ததும் அதை இறக்கிவிட வேண்டும். துளையின் சுவரில் தோல்போலப் படிய வேண்டும். கான்கிரீட் ஏறி வரும்போது கம்பியில் ஒட்டாமல் விலகி வழிவிட வேண்டும். தண்ணீரால் இதில் பாதிகூட முடியாது. கெட்டியான எண்ணெயாலும் முடியாது. இத்தனையையும் ஒருசேரச் செய்யும் குணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் பாகுத்தன்மை பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் ரெட்வுட் விஸ்காமீட்டரில் எண்ணெயைச் சூடாக்கி நேரம் குறித்தபோது எனக்கு அதில் ஒரு சுவாரசியமும் தட்டவில்லை.

தண்ணீர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், கிளிசரின் எல்லாம் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டவை. 20 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை 1 சென்டிபாய்ஸ் என்றால் விளக்கெண்ணெய்க்கு ஆயிரத்துக்குப் பக்கம், கிளிசரினுக்கு 1400-ஐ ஒட்டி. ஒன்று வேகமாக ஓடும், மற்றது தயங்கும். ஆனால் அந்தத் தயக்கத்தின் அளவு நிலையானது. இரண்டு மடங்கு வேகமாகக் கலக்கினால் இரண்டு மடங்கு எதிர்ப்பு, அவ்வளவுதான். திரவத்தின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும் வேகத்துக்கேற்ப எதிர்ப்பு இருக்கும் என்று 1687-ல் நியூட்டன் 'பிரின்சிபியா'வில் ஒரு அனுமானமாக எழுதிவைத்தார். விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எவ்வளவு லேசாகச் சாய்த்தாலும் எண்ணெய் நகரும். நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

பெண்டோனைட் இந்தக் கணக்குக்குள் வராது. லேசாகத் தள்ளினால் அசையவே அசையாது. ஒரு எல்லைவரை முறைத்துக்கொண்டு நிற்கும்; அதைத் தாண்டியதும் சடாரென்று விட்டுக்கொடுத்து ஓடும். 1919-ல் பிங்காமும் கிரீனும் பெயிண்டைச் சோதித்துவிட்டு, இது வெறும் பிசுபிசுப்பான திரவம் இல்லை, ஓடத் தொடங்கவே ஒரு குறைந்தபட்ச விசை கேட்கிற பொருள் என்று எழுதினார்கள். பிரஷ் தேய்க்கும்போது வழிந்து பரவும் பெயிண்ட், பிரஷை எடுத்ததும் செங்குத்துச் சுவரில் வழியாமல் நிற்பது அதனால்தான். அந்தக் குறைந்தபட்ச விசையும், ஓடத் தொடங்கிய பிறகு காட்டும் எதிர்ப்பும் தனித்தனி எண்கள். பிங்காம் திரவத்துக்கு இரண்டையும் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம்.

பெண்டோனைட்டில் இன்னொரு குணமும் உண்டு. அது நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளும். இந்தக் களிமண்ணின் துகள் ஒவ்வொன்றும் ஒரு தகடு; கனம் ஒரு நானோமீட்டர் அளவுக்குத்தான், அகலம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். தகட்டின் முகத்தில் எதிர் மின்னூட்டம், விளிம்பில் நேர் மின்னூட்டம். ஆட்டாமல் விட்டால் ஒரு தகட்டின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் போய் ஒட்டும். இப்படி ஒட்டி ஒட்டி, தொட்டி முழுக்க ஒரு சீட்டுக்கட்டு வீடு எழும்பிவிடும். தண்ணீர் அந்த வீட்டின் அறைகளுக்குள் மாட்டிக்கொள்ளும். கலக்கினால் வீடு கலையும், சேறு ஓடும். நிறுத்தினால் மறுபடி கட்டத் தொடங்கும்; அப்படி இறுகி நிற்பதைத்தான் ஜெல் என்கிறோம். பத்து செகண்டில் கொஞ்சம், பத்து நிமிடத்தில் நிறைய. எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு பொடி போதும், மிச்சம் தண்ணீர்.

இதன் அருமை கேஜ் என்கிற கம்பிக் கூட்டை இறக்கும்போது தெரியும். துளை முடிந்து, கேஜை கிரேன் தூக்கி, ஒன்றோடு ஒன்று வெல்டு வைத்து, உள்ளே விட்டு, கான்கிரீட்டை அடிவரை கொண்டுபோகும் ட்ரெமி பைப்பை மாட்டி, கான்கிரீட் லாரி வரும்வரை துளை சும்மா இருக்கும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் துகள் சுத்தமான தண்ணீரில் செகண்டுக்கு 9 மில்லிமீட்டர் வீதம் இறங்கும் என்று ஸ்டோக்ஸ் 1851-ல் தந்த விதிப்படி கணக்குப் போடலாம். 20 மீட்டர் துளையின் அடியைத் தொட அதற்கு முக்கால் மணி நேரம்கூட வேண்டாம். தண்ணீர் மட்டும் இருந்தால், கேஜ் இறங்கும் நேரத்துக்குள் மிதந்த மணலெல்லாம் அடியில் மெத்தை விரித்திருக்கும். அந்த மெத்தைமேல் கான்கிரீட்டை ஊற்றினால் பைல் பாறையில் உட்காராமல் மணலில் உட்காரும். பெண்டோனைட் துகளைப் பிடித்து வைக்கிறது. மணல் துகளின் எடை அந்தச் சீட்டுக்கட்டு வீட்டை உடைக்கப் போதாது.

அளப்பதற்கு எங்களிடம் இருப்பது மார்ஷ் கோன். ஹாலன் மார்ஷ் என்ற அமெரிக்கர் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களுக்காக 1931-ல் சொன்ன எளிய கருவி. ஒரு அடி நீளப் புனல், வாய் ஆறு அங்குலம், வாயின் பாதியை ஒரு வலை மூடியிருக்கும். நுனியில் இரண்டு அங்குலக் குழாய். அதன் துளை 4.76 மில்லிமீட்டர். விரலால் நுனியை அடைத்துக்கொண்டு வலையைத் தொடும்வரை ஊற்றினால் 1500 மில்லி பிடிக்கும். விரலை எடுத்ததும் ஸ்டாப் வாட்சை அழுத்து; கீழே குவளையில் 946 மில்லி நிரம்பியதும் நிறுத்து. சுத்தமான தண்ணீருக்கு 26 செகண்ட். பைலுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 2911 கேட்பது 30 முதல் 60 செகண்ட்; கூடவே ஒப்படர்த்தி 1.03 முதல் 1.10.

946 என்ற விநோத எண் அமெரிக்க குவார்ட். இங்கே சிலர் குவளையை மாற்றி முழு லிட்டருக்கு நேரம் எடுப்பார்கள். அப்போது தண்ணீருக்கே 28 செகண்ட் வரும். இரண்டு கம்பெனிகள் சேர்ந்து வேலை செய்யும் சைட்டில், ஒருவர் பதிவேட்டில் 38, மற்றவர் பதிவேட்டில் 41 என்று இருந்து, அதற்காக மீட்டிங் போட்டு டீ குடித்ததெல்லாம் உண்டு. காலையில் முதல் வேலையாகக் கோனில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காத ஆளை நான் நம்ப மாட்டேன். நுனிக்குழாயில் காய்ந்த களி ஒட்டியிருந்தால் சேறு கெட்டியாகத் தெரியும். தேய்ந்து அகன்றிருந்தால் நீர்த்துத் தெரியும். மெல்லிய குழாயில் பாகான திரவம் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பது 1840-களில் பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய் கண்டுபிடித்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. பாகுத்தன்மையின் அலகுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கோன்மேல் எனக்குப் பிரியம் உண்டு, மயக்கம் இல்லை. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடானால் அதன் பாகுத்தன்மை 1-லிருந்து 0.65-க்கு இறங்கிவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கோனில் பார்த்தால் மார்கழி விடியலிலும் கத்திரி வெயிலிலும் ஏறக்குறைய அதே 26. ஏனென்றால் அந்தத் துளை வழியே தண்ணீர் செகண்டுக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அதன் சொந்த நிலைமம்தான், பாகுத்தன்மை இல்லை. சேறு கெட்டியாக ஆகத்தான் கோன் பேச ஆரம்பிக்கும். அப்போதும் இரண்டு எண் தேவைப்படும் பொருளுக்கு ஒரே எண் சொல்லும். சுழலும் விஸ்காமீட்டர் இருந்தால் நிமிடத்துக்கு 600 சுற்றிலும் 300 சுற்றிலும் எதிர்ப்பைப் படித்து, கழித்து, இரண்டையும் தனியே எடுக்கலாம். பத்து செகண்ட் ஜெல், பத்து நிமிட ஜெல் என்று நேரத்தின் கணக்கையும் பிடிக்கலாம். பல சைட்டுகளில் அது ஆபீஸ் அலமாரியில் தூங்கும், கோன்தான் வெயிலில் நிற்கும்.

அதனால் கோனுக்கு முன்னால் கை. தொட்டியில் மணிக்கட்டுவரை முக்கி எடுத்தால் சேறு தோலில் ஒரே சீராகப் படிய வேண்டும். ரேகை மறைய வேண்டும். விரல் நுனியில் கடைசிச் சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். கட்டி கட்டியாக ஒட்டினால் சரியாக ஊறவில்லை. கையை எடுத்ததும் நீர் தனியே, களி தனியே பிரிந்து வழிந்தால் தண்ணீர் கெட்டது.

பெருங்குடியில் பிரச்சினை பெரும்பாலும் அந்தக் கடைசிதான், தண்ணீர். இங்கே நிலத்தடி நீரில் உப்பு ஏறின இடங்கள் நிறைய. பெண்டோனைட் உப்பங்கிணற்றுத் தண்ணீரில் ஊறாது. தகடுகளின் மின்னூட்டத்தை உப்பு அமுக்கிவிடும். பிரிந்து விரிய வேண்டிய தகடுகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து அடியில் படியும். மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் கோன் 29-ஐத் தாண்டாது. "பொடி மட்டம் சார், கம்பெனிய மாத்துங்க" என்பார் சூப்பர்வைசர். பொடியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் டேங்கர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இன்னொரு தொல்லை சுண்ணாம்பு. பக்கத்துத் துளையில் ஊற்றிய கான்கிரீட்டின் சிமெண்ட் சேற்றில் கலந்தால் கால்சியம் ஏறி, சேறு தயிர் திரிந்ததுபோல் ஆகிவிடும். கொஞ்சமாக இருந்தால் சோடா ஆஷ் போட்டுக் காப்பாற்றலாம், அதிகமானால் தொட்டியைக் காலி செய்வதே உத்தமம். அப்புறம் ஊறும் நேரம். கலக்கிய பெண்டோனைட்டை ராத்திரி முழுக்க விட்டால் அதன் முழுப் பலம் வரும். அவசரப்படுபவர்கள் காலையில் கலக்கி மத்தியானம் துளையில் விடுவார்கள். "அண்ணே, கோன்ல 35 வருதே" என்று தொட்டிப் பையன் காட்டுவான். வரும். ஊறாத கட்டிகளும் துளையை அடைக்கத்தானே செய்யும்!

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரவம் சூடானால் இளகும், வாயு சூடானால் அதன் பாகுத்தன்மை கூடும். இந்த எதிர்மாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்தது. திரவம் ஏன் அப்படி இளகுகிறது என்பதற்கு மூலக்கூறு அளவில் விளக்கம் தேடியவர்களில் சி.வி. ராமனும் ஒருவர். நம் கடற்கரைச் சாலை பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர், 1923-ல் 'நேச்சர்' இதழில் திரவங்களின் பாகுத்தன்மை பற்றி ஒரு கோட்பாட்டை எழுதினார். ஒளிச் சிதறலுக்குக் கிடைத்த புகழில் ஒரு துளிகூட அந்தக் கட்டுரைக்குக் கிடைக்கவில்லை.

வெயில் எங்களைப் பதம் பார்ப்பது கான்கிரீட்டில்தான். கான்கிரீட்டும் பிங்காம் திரவமே. 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று அளக்கும் ஸ்லம்ப் சோதனை சொல்வது, அது எப்போது ஓட ஆரம்பிக்கும் என்பதை. எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை இல்லை. ஒரே 170 மில்லிமீட்டர் ஸ்லம்ப் காட்டும் இரண்டு லோடுகளில் ஒன்று ட்ரெமியில் மடமடவென்று இறங்கும், இன்னொன்று குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கும். சித்திரை மாதம், சாலையில் நெரிசல், லாரி சிக்னலில் நிற்கிறது. உள்ளே டிரம் சுற்றச் சுற்ற சிமெண்ட் இறுகத் தொடங்கியிருக்கும். "கொஞ்சம் தண்ணி அடிச்சா சரியாயிடும் சார்" என்பார் டிரைவர், நல்ல மனதோடுதான். தண்ணீர் விட்டால் ஓடும், உண்மை. ஜல்லி ஒரு பக்கமும் சாந்து ஒரு பக்கமும் பிரிந்து ஓடும். ஓட்டத்தை இளக்க வேண்டிய மருந்து வேறு. அதை பிளாண்டிலேயே அளந்து போட்டிருக்க வேண்டும்.

இரண்டு சேறும் சந்திக்கும் அரைமணி நேரம்தான் என் வேலையில் எனக்கு மிகப் பிடித்தது. ட்ரெமி பைப் துளையின் அடியைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கும். முதல் லோடு கான்கிரீட் குழாய் வழியே இறங்கி, அடியில் பரவி, மேலே ஏறத் தொடங்கும். கன மீட்டருக்கு 2400 கிலோ எடையுள்ள கான்கிரீட், 1100 கிலோகூட இல்லாத பெண்டோனைட்டை மேலே தள்ளும். துளையின் வாயில் சேறு பொங்கி வழிந்து கால்வாய் வழியே தொட்டிக்குத் திரும்பும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். அவசரத்தில் உயர்த்திவிட்டால் புதுக் கான்கிரீட் சேற்றின்மேல் விழும். பைலின் நடுவில் ஒரு களிமண் அடுக்கு நிரந்தரமாகிவிடும். எடை வித்தியாசம் மட்டும் போதாது. சேறு அதிக நேரம் நின்று ஜெல் இறுகியிருந்தால், கான்கிரீட் எளிதான வழியில் நடுவில் ஏறும். கம்பிக்கும் சுவருக்கும் இடையே உள்ள சேறு இருந்த இடத்திலேயே இருந்துவிடும். அதனால்தான் ஊற்றுவதற்கு முன் புதுச் சேற்றை அடியிலிருந்து சுற்றவிட்டு, பழையதை எழுப்பி வெளியே எடுக்கிறோம். பல நாள் கழித்துப் பைலின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டி எதிரொலியைக் கேட்டுச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் என்ன வரும் என்பது இந்த அரைமணி நேரத்திலேயே முடிவாகிவிடும்.

பம்ப் வைத்துப் பிழைப்பவர்களுக்கு 2017 ஒரு பாடமாக இருந்தது. ஜனவரி 28 அதிகாலை எண்ணூரில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கனரக எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. அந்த எண்ணெயைக் கப்பலில் சூடாக்கித்தான் பம்ப் செய்வார்கள். கடலில் விழுந்து ஆறி, அலையில் அடிபட்டுத் தண்ணீரையும் தனக்குள் வாங்கிக்கொண்டால் அது பல மடங்கு கெட்டியாகும். கரையில் பாறைகளுக்கு இடையே ஒதுங்கியபோது அது எண்ணெயாக இல்லை, தார்க்களியாக இருந்தது. கழிவுநீரை இழுக்கும் சூப்பர் சக்கர் லாரிகள் திணறின. உறிஞ்சுகுழாயின் பக்கம் இருக்கும் காற்றழுத்தம் ஒரு எல்லைக்குமேல் தள்ளாது. பாகு அதைத் தாண்டினால் எவ்வளவு பெரிய எஞ்சினும் வெறும் காற்றைத்தான் இழுக்கும். மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று வாளியில் அள்ளிக் கைமாற்றினார்கள். தொழில்நுட்பம் தோற்றது என்று அப்போது பத்திரிகைகளில் கிண்டல் செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டியான பொருளுக்கு வாளிதான் சரியான கருவி. முதல் நாளே அதை ஒத்துக்கொண்டு, வாளியோடு கையுறையும் பூட்ஸும் கொடுத்து ஆளை இறக்கியிருக்க வேண்டும்.

வேலை முடிந்த பெண்டோனைட்டை என்ன செய்வது என்பது எங்கள் தொழிலில் யாரும் உரக்கப் பேசாத விஷயம். மணலைப் பிரித்துச் சில தடவை மறுபடி பயன்படுத்தலாம். அதற்குமேல் கழிவுதான். முறைப்படி டேங்கரில் ஏற்றி அனுமதித்த இடத்தில் கொட்ட வேண்டும். ராத்திரி மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். திறக்கும்போது தண்ணீர்போல ஓடுவதால் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். கொஞ்ச தூரம் போய், சரிவு குறைந்த இடத்தில் நின்று, ஜெல்லாகி, காய்ந்து இறுகும். ஐப்பசி மழையில் பக்கத்துத் தெரு மூழ்கும்போது கார்ப்பரேஷனைத் திட்டுவோம். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு. பெருங்குடியின் மழைநீர்க் கால்வாய்கள் பலவும் போய்ச் சேருமிடம் அது.

இதற்கு மாற்றாகத்தான் இப்போது பாலிமர் கலவை வந்திருக்கிறது. நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் தண்ணீரில் பின்னிக்கொண்டு பாகாகும். கையில் எடுத்தால் வெண்டைக்காய்ச் சாறுபோல நூல் விடும். ஒரு தொட்டிக்கு வேண்டிய பொடி ஒரு வாளிக்குள் அடங்கும்; கழிவும் குறைவு. கோனில் 60 செகண்ட்கூடக் காட்டும். ஆனால் அதற்கு ஜெல் இல்லை. நிறுத்தினால் மணலைப் பிடித்து வைக்காது, இறங்கவிட்டுவிடும். பெண்டோனைட்டில் பழகினவர்கள் அதே கோன் எண்ணைப் பார்த்துவிட்டு அதே நேரக் கணக்கில் வேலை செய்தால் அடியில் மெத்தை விழும். பாலிமர் சைட்டில் நான் கேஜை இறக்குவதற்கு முன் துளையைக் கொஞ்ச நேரம் சும்மா விடச் சொல்கிறேன். மணல் முழுக்க இறங்கட்டும். பிறகு கிளீனிங் பக்கெட்டை அடிவரை அனுப்பி வாரி எடுக்கிறோம், அளவுநாடாவில் குண்டைக் கட்டி ஆழம் பார்க்கிறோம், துளை போட்டபோது இருந்த ஆழமே வந்தால்தான் கேஜ் உள்ளே போகும்.